அமைதி, ராத்திரி ஒன்றுக்கு

கௌஸ்: அமைதி... ஒரு ராத்திரிக்கு ஐநூத்தி அறுபது திர்ஹம். இப்படியே கணக்குல ஏத்தவா மச்சான், இல்ல பேனா சறுக்கிருச்சா?

மீராசா: பதினெட்டாயிரம் யென்னுதானே எழுதியிருக்கேன். நீ எதுக்குத் திர்ஹமா மாத்துற.

கௌஸ்: துபாய் தேராவுல இருக்குற கடையில யென்னுல கணக்கு எழுதினா ஆடிட்டர் என்னைய மாத்திருவாரு. உங்க ஜப்பான் செலவுச் சீட்டுல விமான டிக்கெட், சரி. டாக்சி, சரி. நாலு நாள் ஓட்டல், சரி. அஞ்சாவது நாள் பாத்தா... அமைதி. எப்படிக் குடுத்தாங்க? மீட்டர் கணக்கா, ரோல் கணக்கா?

மீராசா: அது ஓட்டல் இல்ல கௌசு. மலைக்கு மேல ஒரு கிராமம். அங்க ஒரு வீடு. வீடுன்னு எழுதினா வாடகைப் பத்திரம் எங்கேன்னு கேப்பே. அதான் என்ன கெடச்சுதோ அத எழுதுனேன்.

கௌஸ்: ரசீது?

மீராசா: மலையில ரசீது ஏது.

கௌஸ்: அதுவும் சரிதான். அமைதிக்கு ரசீது அடிச்சா பிரிண்டர் சத்தம் போடுமே.

மீராசா: நக்கல் பண்ணு. உங்க ராத்தாவக் கட்டுன நாள்லருந்து இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

கௌஸ்: ராத்தா புருசன், அக்கா மாப்பிள்ளைன்னுதான் மரியாதையா கேக்குறேன். கடையில பாதி என் பங்கு. வேற ஆளா இருந்தா ஷட்டர முழுசா எறக்கிட்டுக் கேட்டிருப்பேன். இப்ப பாதிதான் எறக்கியிருக்கேன். நாலு மணி வரைக்கும் ஒருத்தரும் வரமாட்டாங்க. சுலைமானி டீ பிளாஸ்க்ல இருக்கு. உக்காந்து சொல்லுங்க.

மீராசா: என்னத்தச் சொல்ல. காலையில வந்த அந்த சத்வா டெய்லர் என்ன ஆனாரு? போயிட்டாரா?

கௌஸ்: போனாரு. துணிய வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு, மெலிசுன்னாரு. கசக்கிப் பாத்தாரு, சுருங்குதுன்னாரு. வெள்ளை கொஞ்சம் மஞ்சளா இருக்குன்னாரு. ஏழு குறை சொன்னாரு.

மீராசா: எத்தன ரோல் வாங்குனாரு?

கௌஸ்: அஞ்சு.

மீராசா: அதானே. வாங்குறவன்தான் கொற சொல்லுவான். வாங்காதவன் மாஷா அல்லாஹ்ன்னு சொல்லிட்டுப் போயிருவான்.

கௌஸ்: அத அப்படியே ஞாபகத்துல வச்சுக்கங்க மச்சான். இப்ப நீங்க ஜப்பான்லருந்து வந்து பத்தொம்பது நாளாச்சு. வந்த அன்னிக்கே மில்லுக்காரப் பெரியவரு ஏஜென்சியக் குடுத்துட்டாருன்னு இந்த சந்து முழுக்க அல்வா குடுத்தீங்க. ராத்தா ஊர்ல நாலு தெருவுக்குச் சொல்லிருச்சு. பேப்பரு மட்டும் வரல.

மீராசா: வரும்.

கௌஸ்: வரலேன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். பெரிய ஏஜெண்டு அரபிங்க போடுற வெள்ளைக் கந்தூராவுக்கான துணிய ஜூனோட நமக்கு நிறுத்துறேன்னுட்டான். நேரடியா மில்லுலருந்து எடுக்குற உரிமை வந்தாத்தான் கடை. இல்லேன்னா இருபத்திரெண்டு வருசக் கடையில நம்மகிட்ட விக்க மிச்சம் இருக்கப் போறது இந்த ஷட்டர்தான்.

மீராசா: அதான் வரும்னு சொல்றேன்ல. அவரு கை குடுத்தாரு.

கௌஸ்: கை குடுத்தாரா? ஜப்பான்காரங்க குனிவாங்கன்னுல்ல கேள்விப்பட்டேன்.

மீராசா: குனிஞ்சாரு... அப்புறம் கை குடுத்தாரு. ரெண்டும்.

கௌஸ்: சரி. முதல்லருந்து சொல்லுங்க. மில்லுல பேச்சு முடிஞ்சுது. அப்புறம் எதுக்கு மலை?

மீராசா: அந்தப் பெரியவரு சொன்னாரு, நாளைக்குக் காலையில முடிவு சொல்றேன், இன்னிக்கு ராத்திரி எங்க ஊர்ல தங்குங்கன்னு. நான் நெனச்சேன், டவுன்ல ஏதோ நல்ல ஓட்டல்னு. கார்ல ஏத்தி மூணு மணி நேரம் மலை ஏறுது. ரெண்டு பக்கமும் ஆள் ஒசரத்துக்குப் பனி. நெய்னா முகம்மது என் பக்கத்துல உக்காந்து தூங்குறாரு.

கௌஸ்: எனக்கு அண்ணன் மொறை, நம்ம ஊரு நெய்னா காக்காதானே? பழைய கார் வாங்கி ஷார்ஜாவுக்கு அனுப்புறாரே, அவருதானே மொழிபெயர்ப்பு?

மீராசா: அவருதான். பதினாறு வருசமா அங்கதான். ஜப்பான் பொண்டாட்டி. பேச்சுல தேன். ஆனா விவரம் கொஞ்சம் கம்மி... அது அப்புறம் சொல்றேன். போய்ச் சேர்ந்தா, மொத்தம் முப்பது வீடு. எல்லாம் புல்லுக் கூரை. நம்ம ஊர்ல கூரை வீட்ட இடிச்சுட்டு மாடி கட்டத்தான் நாம துபாய் வந்தோம். அந்த மனுசன் என்னடான்னா பெருமையாக் காட்டுறாரு, முன்னூறு வருசமா புல்லுக் கூரைதானாம். மாத்தக் காசில்லையான்னு கேக்க வாய் வந்துச்சு.

கௌஸ்: கூரை... ம்.

மீராசா: என்ன கோடு போடுற கவுண்டர்ல?

கௌஸ்: சும்மா. கையில சாக்பீஸ் இருந்துச்சு. நீங்க சொல்லுங்க.

மீராசா: வாசல்லயே செருப்பக் கழட்டச் சொன்னாங்க. நியாயம், நம்ம வீட்டுலயும் அப்படித்தான். கழட்டினா வேற ஒரு செருப்பு குடுக்குறாங்க. அதப் போட்டு நாலு எட்டு நடந்தா அதையும் கழட்டணும், அந்த ரூம்ல பாயி விரிச்சிருக்காம். கக்கூஸுக்குப் போனா அங்க வேற செருப்பு. என் காலு அதுக்குள்ள பாதிதான் போகுது. ஒரு ராத்திரியில நான் மாத்துன செருப்ப வச்சு நைஃப் ரோட்டுல ஒரு கடையே போடலாம்.

கௌஸ்: போட்டாச்சு.

மீராசா: என்ன போட்டாச்சு?

கௌஸ்: கோடு. இல்ல... டீ. டீ ஊத்திட்டேன். எடுத்துக்கங்க.

மீராசா: ரூம்புக்குள்ள நொழைஞ்சா மேல உத்தரம் என் நெத்திக்கு நேரா இருக்கு. உள்ள போகையில ஒரு இடி. வெளிய வரையில ஒரு இடி. மூணாவது தடவை நானே குனிஞ்சேன், அந்த வீட்டம்மா அது வணக்கம்னு நெனச்சுத் திருப்பிக் குனியுது. அது குனியிறதப் பாத்து நான் நிமிந்தேன். நாலாவது இடி.

கௌஸ்: வீட்டம்மா யாரு?

மீராசா: எழுவது வயசு இருக்கும். சின்ன உருவம். அதுதான் அந்த வீட்டுல விருந்தாளுக்கு ஆக்கிப் போடுறது, படுக்கை விரிக்கிறது எல்லாம். படுக்கைன்னதும் நெனப்பு வருது. கட்டில் எங்கேன்னு கேட்டேன். தரையக் காட்டுச்சு.

கௌஸ்: ஐநூத்தி அறுபது திர்ஹத்துக்கு நம்ம பில்டிங்ல ஒரு மாசத்துக்குக் கட்டில் வாடகைக்குக் கெடைக்கும் மச்சான். ரெண்டு அடுக்குக் கட்டில். மேல படுத்தா மின்விசிறி ஓசி.

மீராசா: அதத்தான் நானும் நெனச்சேன். கதவு எதுல தெரியுமா? காயிதம். தாழ்ப்பாள் கிடையாது. ஒரு விரல விட்டா அந்தப் பக்கம் போயிரும். இடுப்புல கம்பெனிப் பணம், பாஸ்போர்ட். காயிதக் கதவ நம்பி எப்படிப் படுக்க?

கௌஸ்: திருடன் வந்தா கிழிச்சுட்டு வருவானா, இல்ல தட்டிட்டு வருவானா?

மீராசா: அந்த ஊருல திருடன் வந்தாலும் செருப்பு மாத்திட்டுத்தான் வருவான். அதுக்குள்ள விடிஞ்சிரும்.

கௌஸ்: குளிச்சீங்களா?

மீராசா: அதக் கேக்காத.

கௌஸ்: கேக்கணும் மச்சான். செலவுச் சீட்டுல எல்லாம் தெளிவா இருக்கணும்.

மீராசா: ஒரு மரத்தொட்டி. பொதுவாம். பெரியவரு உடுப்பு இல்லாம உள்ள உக்காந்து என்னைய வா வான்னு கூப்புடுறாரு. அஸ்தஃபிருல்லாஹ். நான் கைலியோட எறங்குனேன். தண்ணி... அடுப்புல ஆணம் கொதிக்கிற சூடு. கால வச்சதும் எடுத்தேன். வெளிய பனி, உள்ள கொதி. அந்த மனுசன் கண்ண மூடிக்கிட்டுச் சிரிக்கிறாரு.

கௌஸ்: ம்... ஆறு.

மீராசா: என்ன ஆறு?

கௌஸ்: அந்த மலையில ஆறு ஓடுதான்னு கேட்டேன்.

மீராசா: ஓடும். யாரு பாத்தா. அப்புறம் ஒரு அங்கி குடுத்தாங்க, படுக்கையில போட்டுக்க. முழங்காலுக்குக் கீழ வரல. நான் வலது பக்கத்த மேல போட்டுக் கட்டிக்கிட்டு வந்தேன். அந்தம்மா பாத்துச்சு. ஓடி வந்து ஒரு வார்த்தை பேசாம அவுத்து இடது பக்கத்த மேல மாத்திக் கட்டி விட்டுச்சு, சின்னப் புள்ளைக்குக் கட்டுற மாதிரி. நெய்னா சொல்றாரு, நீங்க கட்டியிருந்தது மையித்துக்கு, செத்தவங்களுக்குக் கட்டுறதுன்னு.

கௌஸ்: வெள்ளைத் துணி வியாபாரி மேல அந்தம்மாவுக்கு அவ்வளவு அக்கறை.

மீராசா: சிரி. சாப்பாட்டுக்கு மீனு, முட்டை, காயி மட்டும்தான் வேணும்னு நெய்னா முன்னாடியே சொல்லி வச்சிருந்தாரு. அதுல கொற இல்ல. ஆனா அந்த மீனு முழுசா, தலையோட, குச்சியில நெளிஞ்சு நின்னுக்கிட்டு என்னையவே பாக்குது. நான் இடது பக்கம் நகந்தா அதுவும் பாக்குது. டீ குடுத்தாங்க, பச்சைத் தண்ணி. சீனி கேட்டேன். மூணு பேரு கலந்து பேசுனாங்க. சீனி வரல.

கௌஸ்: தொழுகை?

மீராசா: கிப்லா, மக்கா இருக்குற திசை, எந்தப் பக்கம்னு கேட்டேன். அந்த வீட்டுல எல்லாரும் எந்திரிச்சு நின்னு, ஆளுக்கு ஒரு பக்கம் பாத்தாங்க. கடைசியில நானா ஒரு குத்து மதிப்பா திரும்பித் தொழுதேன்.

கௌஸ்: பத்து. சரி... அப்புறம் தூக்கம்?

மீராசா: தூக்கமா... ஒரு பொட்டுத் தூக்கமில்ல.

கௌஸ்: ஏன் மச்சான்?

மீராசா: அந்த அமைதிதான். காதுக்குள்ள எதையோ அடைச்ச மாதிரி. நம்ம ரூம்ல ஜன்னலத் திறந்தா யூனியன் ஸ்கொயர்ல மெட்ரோவுக்குக் குழி தோண்டுற மெசின் சத்தம். ராவும் பகலும் டங்கு டங்குன்னு. ரெண்டு வருசமா அதுலயே பழகிட்டோம். அங்க போனா பனி விழுறது கூடக் கேக்குற மாதிரி... சுபுஹு தொழுகை வரைக்கும் கண்ணு கொட்டல.

கௌஸ்: கண்ணு கொட்டல.

மீராசா: கொட்டல.

கௌஸ்: பதினொன்னு. அப்புறம் காலையில?

மீராசா: காலையில... காசக் குடுத்தேன், வந்தேன்.

கௌஸ்: அந்தம்மா வாங்கிக்கிச்சு?

மீராசா: காசக் குடுத்தா வாங்காம?

கௌஸ்: பதினெட்டாயிரம் சொன்னாங்க, நீங்க பதினெட்டாயிரம் குடுத்தீங்க.

மீராசா: ஆமா.

கௌஸ்: பேரம் பேசாம.

மீராசா: சுலைமானியில சீனி கம்மி.

கௌஸ்: மச்சான், நீங்க ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டு, பாதி எலும்ப மட்டும் படம் புடிச்சா எவ்வளவுன்னு கேட்ட ஆளு. நிக்காஹ் அன்னிக்கு எங்க வாப்பாகிட்ட மாப்பிள்ளை சட்டைக்கு விலை கொறைச்ச ஆளு. ஜப்பான்ல சொன்ன விலையக் குடுத்துட்டு வந்தீங்கன்னா... நம்புறேன். ராத்தா நம்பாது.

மீராசா: இப்ப உனக்கு என்ன வேணும்?

கௌஸ்: காலையில என்ன நடந்துச்சுன்னு வேணும்.

மீராசா: ஒரு பழக்கம்தான்பா... விலை சொன்னாங்கன்னா வாயி தானா தொறக்குது. அந்தம்மா பதினெட்டாயிரம்னு எழுதி ரெண்டு கையாலயும் நீட்டுச்சு. நான் நெய்னாகிட்ட சொன்னேன், நான் சொல்றத ஒன்னு விடாம அப்படியே சொல்லுங்கன்னு. நான் நெனச்சது, அவரும் நம்ம ஊருதானே, கொஞ்சம் உப்புப் போட்டு, கொஞ்சம் சிரிச்சு, ஒரு பன்னெண்டாயிரத்துல முடிப்பாருன்னு.

கௌஸ்: அவரு?

மீராசா: ஒன்னு விடாம அப்படியே சொன்னாரு. கூரைலருந்து ஆரம்பிச்சேன். கட்டில் இல்லேன்னேன். கதவு காயிதம்னேன். நான் ஒவ்வொன்னா அடுக்க அடுக்க அவரு ஒவ்வொன்னா மரியாதையா மொழிபெயர்க்கிறாரு. பதினாறு வருசத்துல அந்த மனுசன் பேரத்தையே மறந்துட்டாருடா. நான் அந்தம்மா எப்ப விலையக் கொறைக்கும், எப்ப சண்டை போடும்னு மொகத்தப் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லல. நான் முடிச்சதும்...

கௌஸ்: முடிச்சதும்?

மீராசா: முட்டி போட்டு நெத்தி தரையில படுற மாதிரி குனிஞ்சுச்சு. எந்திரிக்கல. நெய்னா காதுல சொல்றாரு, மன்னிப்புக் கேக்குறாங்க, காசு வேணாங்குறாங்கன்னு. நான் சொல்றேன், யா அல்லாஹ், கொறைக்கத்தான் சொன்னேன், வேணாம்னு சொல்லச் சொல்லலேன்னு. அத அவரு மொழிபெயர்க்கல. அத மட்டும் மொழிபெயர்க்கல.

கௌஸ்: மில்லுக்காரப் பெரியவரு எங்க இருந்தாரு?

மீராசா: பக்கத்துலதான். அந்தம்மா அவருக்குக் கூடப்பொறந்த ராத்தா.

கௌஸ்: அப்ப கை குடுத்தாருன்னது?

மீராசா: குடுக்கல. கடிதம் எழுதுறோம்னாரு. நான் கார்ல ஏறுனதும் அந்தம்மா ஒரு சோத்துப் பொட்டலத்தக் குடுத்துட்டு ரோட்டுல குனிஞ்சு நின்னுச்சு. வளைவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தேன். பனியில அப்படியே குனிஞ்சு நிக்குது. போதுமா உனக்கு?

கௌஸ்: பதினெட்டாயிரம் யென்? வாங்கலேன்னா கணக்குல எப்படி வந்துச்சு?

மீராசா: மடிச்சு வச்ச மெத்தைக்கு அடியில வச்சுட்டு வந்துட்டேன். யாருக்கும் தெரியாது. நெய்னாவுக்குக் கூடத் தெரியாது.

கௌஸ்: அந்த மெத்தைக்குத் தெரியும்ல. இந்தாங்க.

மீராசா: என்ன இது?

கௌஸ்: எண்ணிப் பாருங்க. ஒரு பத்தாயிரம், ஒரு அஞ்சாயிரம், மூணு ஆயிரம். செவ்வாக்கிழமை கூரியர்ல வந்துச்சு. அது கூட இந்தக் கடிதமும்.

மீராசா: செவ்வாக்கிழமையா? இன்னிக்கு வியாழன்.

கௌஸ்: நீங்களா சொல்லுவீங்கன்னு மூணு நாள் பாத்தேன். நீங்க அடுத்த சந்துக்கும் அல்வா குடுக்கப் போனீங்க. அதான் சாக்பீஸ எடுத்தேன். எண்ணுங்க, பதினொரு கோடு. கடிதத்துலயும் பதினொன்னு. ஒன்னு கூடக் கொறையல மச்சான். ஊருக்கே பொய் சொல்ற உங்களுக்குக் குறையில மட்டும் ஞாபகம் மாறல.

மீராசா: என்ன எழுதியிருக்கு? ஏஜென்சி...

கௌஸ்: வரிசையா வருவோம். அந்தம்மா சொல்லச் சொல்ல நெய்னா காக்கா தமிழ்ல எழுதியிருக்காரு. படிக்கிறேன். 'மதிப்பிற்குரிய விருந்தினருக்கு. தாங்கள் எடுத்துச் சொன்ன பதினொரு குறைகளையும் குறித்துக்கொண்டோம். இவ்வளவு கவனமாக எங்கள் வீட்டை யாரும் பார்த்ததில்லை.'

மீராசா: யா அல்லாஹ்.

கௌஸ்: இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. 'தரைப் படுக்கைக்கு: மெத்தை மேல் மெத்தையாக நான்கு போட்டுப் பார்த்தோம். கட்டில் உயரம் வருகிறது. தலை இடித்த உத்தரத்துக்கு: துணி சுற்றியிருக்கிறோம். தங்களுக்கு விற்பதற்காகத் தம்பியின் மில்லில் நெய்த அதே வெள்ளைத் துணி.' வெளிநாட்டு விளம்பரம் பாருங்க மச்சான், உத்தரத்துக்கே கந்தூரா போட்டிருக்காங்க.

மீராசா: நீ படி.

கௌஸ்: 'காகிதக் கதவுக்கு: இரும்புத் தாழ்ப்பாள் பொருத்தியாகிவிட்டது. எதற்கு என்று தச்சர் இரண்டு முறை கேட்டார். செருப்பு: ஊரிலேயே பெரிய அளவு வாங்கியிருக்கிறோம். வெந்நீர்த் தொட்டி: பக்கத்தில் பனி நிரப்பிய வாளி வைக்கப்படும், தேவையான அளவு போட்டுக்கொள்ளலாம். அங்கி: தங்கள் உயரத்துக்குத் தைத்திருக்கிறோம். சுற்றளவை நெய்னா அவர்கள் சொன்னார்கள், கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகத் தெரிகிறது.'

மீராசா: அவரு கூட்டல.

கௌஸ்: எனக்கும் தெரியும். 'சீனி: டவுனில் ஒரு கிலோ வாங்கி, ஜாடியில் தங்கள் பெயர் ஒட்டி வைத்திருக்கிறோம். மீன்: இனிமேல் அதன் கண்ணை இலையால் மூடிப் பரிமாறுவோம்.'

மீராசா: போதும் கௌசு.

கௌஸ்: இத மட்டும் கேளுங்க. 'மக்காவின் திசை: கேட்ட அன்று தெரியாமல் நின்றது பெரிய வெட்கம். பள்ளிக்கூட ஆசிரியரை வரவழைத்து, உலக உருண்டையும் நூலும் வைத்து அளந்தோம். தாங்கள் அன்று தொழுத திசை சற்றுத் தெற்கே பிசகியிருந்தது. பாயின் ஓரத்தில் நீல நூலால் ஒரு கோடு தைத்திருக்கிறோம். இனி எவரும் கேட்கலாம்.'

மீராசா: நூலு வச்சு அளந்தாங்களா.

கௌஸ்: டீ ஆறுது.

மீராசா: ஆறட்டும்.

கௌஸ்: 'புல்லுக் கூரை: இதை மட்டும் உடனே மாற்ற இயலாது. ஒரு கூரை மாற்ற ஊரே சேர வேண்டும். எங்கள் வீட்டு முறை இன்னும் இருபத்து நான்கு ஆண்டுகளில் வருகிறது. அதுவரை பொறுத்தருள வேண்டும்.' தவணை கேக்குறாங்க மச்சான். குடுக்கலாமா?

மீராசா: ஏஜென்சி என்னாச்சு. அத முதல்ல சொல்லு.

கௌஸ்: கீழ நெய்னா காக்கா தன் பங்குக்கு எழுதியிருக்காரு. 'மச்சானே, நீங்கள் போன பிறகு அக்கா தம்பி இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. தேராவில் குறை சொல்கிறவன்தான் சரக்கை எடுப்பான், பிடிக்காதவன் புகழ்ந்துவிட்டுப் போவான் என்று விளக்கினேன். விளங்க ஒரு மணி நேரம் ஆனது. பெரியவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: அப்படியானால் பதினொரு குறை சொன்னவருக்கு எங்கள் வீடு மிகவும் பிடித்திருக்கிறது.'

மீராசா: அப்படிச் சொன்னாரா?

கௌஸ்: சொல்லிட்டு ஒரு நிபந்தனை போட்டிருக்காரு. ஏப்ரல் கடைசியில நீங்க திரும்ப வரணும். அதே வீட்டுல ஒரு ராத்திரி தங்கணும். எல்லாம் சரியா இருக்கான்னு நீங்க பாத்துச் சொன்னப்புறம் அவங்க ராத்தா காச வாங்கிக்கும். அது காச வாங்குனாத்தான் அவரு ஏஜென்சிப் பேப்பர்ல கையெழுத்துப் போடுவாரு.

மீராசா: வாங்கலேன்னா?

கௌஸ்: ஷட்டர் விக்கலாம். பயப்படாதீங்க, பதில் போட்டாச்சு. செவ்வாக்கிழமையே ஃபேக்ஸ் அனுப்பிட்டேன். ஏப்ரல் இருபத்தஞ்சு, ஆள் ஒன்னு, மொழிபெயர்ப்பு வேணாம்னு.

மீராசா: அப்ப இவ்வளவு நேரம் என்னைய எதுக்குடா பாடாப் படுத்துன?

கௌஸ்: மூணு நாளா சிரிப்ப அடக்கிட்டு இருந்தேன் மச்சான். அதுக்குக் கூலி வேணாமா? அதோட... பதினொன்னாவது இன்னும் படிக்கல.

மீராசா: அது வேணாம்.

கௌஸ்: ஏன்? அது ஒன்னுக்குத்தானே ஐநூத்தி அறுபது திர்ஹம் எழுதியிருக்கீங்க.

மீராசா: கௌசு, மடிச்சு வையி. நான் அப்புறம் படிச்சுக்கிறேன்.

கௌஸ்: 'கடைசியாக, தூக்கம். அமைதியினால் ஒரு நிமிடமும் உறங்கவில்லை என்றீர்கள். இதை எப்படிச் சரி செய்வது என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஏனெனில் இரவு எட்டரை மணி முதல் காலை ஏழு வரை காகிதக் கதவுக்கு அப்பால் தங்கள் குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது. தொழுகைக்காக நாலே முக்காலுக்கு எழுப்பச் சொல்லியிருந்தீர்கள். கதவோரம் மூன்று முறை வந்தேன். பல வருடம் தூங்காத ஒருவர் தூங்குகிற மாதிரி இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. தொழுகை தவறியது என் குற்றம். அந்தக் கணக்கை என் பெயரில் எழுதிக்கொள்ளும்படி தங்கள் இறைவனிடம் சொல்லவும்.' மச்சான், நான் மூணு நாள்ல சிரிக்காதது இந்த ஒரு எடத்துலதான்.

மீராசா: முழிச்சப்ப வெயிலு கௌசு. காயிதக் கதவு முழுக்க வெயிலு. எங்க இருக்கேன்னே தெரியல. வெட்கம் வந்திருச்சு. அந்த வெட்கத்தோட போயித்தான் விலை கேட்டேன்.

கௌஸ்: சரி, இந்தச் செலவுச் சீட்டக் கிழிச்சுப் போட்டுரவா? காசுதான் திரும்பி வந்திருச்சே.

மீராசா: கிழிக்காத. திருத்தி எழுது.

கௌஸ்: சொல்லுங்க. தூக்கம் பொய், தெரிஞ்சுபோச்சு. அது ஒரு குறையத் தள்ளிட்டா பாக்கி பத்து. அந்தப் பத்தும் நெசந்தானே? அந்த மீனு, அந்த வெந்நீரு...

மீராசா: எழுது. வரவு: தூக்கம், பத்தரை மணி நேரம். மீனு, ரெண்டு. ரெண்டாவது நானா கேட்டு வாங்குனது. வெந்நீர்க் குளியல், ஒரு மணி நேரம், பெரியவரு எந்திரிச்சுப் போனப்புறமும். செலவு: பொய், பதினொன்னு. குடுத்த காசு: திரும்பி வந்தது. நிலுவை... அந்த வீட்டுக்கு, முழுசும்.